சீறும் குட்டி மடிக்கு வரும் வரை: மிரண்ட தெருப்பூனைக் குட்டிகளை வீட்டில் பழக்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த தெருக்குட்டி 19 நாள் கட்டிலுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தியது. கடுகு என்று பெயர் வைத்திருந்தோம். கருப்பு நிறம், உள்ளங்கை அளவு, 6 வார வயது இருக்கும். "பாவம், பயந்திருக்கு. தானா வரும், விடு" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இரவில் கிண்ணத்தில் சாப்பாடு வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வருவேன். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். குட்டியின் வாலைக்கூடப் பார்க்க முடியாது. மூன்றாம் வாரம் ஊசி போடத் தூக்கப் போனால், வந்த அன்று சீறியதைவிட இரண்டு மடங்கு சீறியது. அந்த 19 நாளில் நான் அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: மனிதர்கள் இல்லாத நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அதற்கப்புறம் சென்னையில் எங்கள் வாடகை வீட்டில் நாற்பதுக்கு மேல் குட்டிகள் தங்கி, பழகி, வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. தற்காலிகமாக வளர்ப்பவர்கள் செய்யும் தவறு இரண்டு வகை. ஒன்று, துரத்திப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக் கொஞ்சுவது. இன்னொன்று, நான் கடுகிடம் செய்தது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு அன்பு மாதிரி இருக்கிறது. நான் இப்போது செய்வதெல்லாம் இரண்டு விஷயங்களுக்குள் அடங்கும்: குட்டி இருக்கும் இடம் சிறிதாக இருக்க வேண்டும், சாப்பாடு உங்களோடு சேர்ந்து வர வேண்டும்.

எடுப்பதற்கு முன்: தாய் எங்கே?

"பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும்" என்று பாட்டிகள் சொல்வார்கள். ஏழு என்பது கணக்கல்ல, ஆனால் தாய்ப்பூனை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பது உண்மை. நீங்கள் பார்க்கும்போது ஒரே ஒரு குட்டி தனியாகக் கத்திக்கொண்டிருந்தால், தாய் மற்றக் குட்டிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இதற்காகத் திரும்பி வந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் இரை தேடப் போயிருக்கும். ஆட்கள் சுற்றி நின்றால் அது கிட்ட வராது.

வெயில், மழை, நாய் என்று உடனடி ஆபத்து இல்லாவிட்டால், சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். நிற்க நேரமில்லையென்றால் குட்டிகளைச் சுற்றித் தரையில் மெல்லிசாகக் கோலமாவு தூவிவிட்டுப் போங்கள். அரிசி மாவு கோலமாவு, கலர்ப்பொடி வேண்டாம். தாய் வந்து போனால் கிருஷ்ண ஜெயந்திப் பாதம் மாதிரி தடம் விழுந்திருக்கும். குட்டிகள் தொப்பை நிறைந்து சுருண்டு தூங்கினால், தாய் வந்து பால் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் 5 வாரம் ஆகும் வரை தாயோடு விட்டுவைப்பதே நல்லது. தாய்ப்பாலுக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது எதுவும் கிடையாது. அதற்கப்புறம் குட்டிகளை எடுக்கலாம். தாயைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்து அதே தெருவில் விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த சில மாதங்களில் அடுத்த ஈற்றுக்கு நீங்களே திரும்பவும் அட்டைப்பெட்டி தேடுவீர்கள்.

வயதைக் கணியுங்கள்

எத்தனை நாளில் பழகும் என்பதை வயதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள், பூனைக்குட்டி மனிதரை ஏற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் 2 முதல் 7 வாரம் வரை என்று காட்டின. 7 வாரம் முடிந்த அன்று கதவு மூடிவிடாது, மெதுவாகச் சாத்திக்கொண்டே வரும்.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கண் திறந்து, காது இன்னும் மடங்கியிருந்தால் 2 வாரம் சுமார். காது நிமிர்ந்து, தள்ளாடி நடந்தால் 3 முதல் 4. ஓடி, விளையாடி, கோரைப்பல் தெரிந்தால் 5. கண்ணின் நீலம் மாறிப் பச்சையோ மஞ்சளோ எட்டிப்பார்த்தால் 6, 7 வாரம். எடையும் உதவும். பிறக்கும்போது சுமார் 100 கிராம்; அப்புறம் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏறும். தெருக்குட்டிகள் இளைத்தே இருக்கும், அதனால் எடையை மட்டும் வைத்துக் கணித்தால் வயதைக் குறைத்துவிடுவீர்கள். பல்லையும் பாருங்கள்.

என் அனுபவத்தில் 5 வாரக் குட்டி 3, 4 நாளில் மடியில் ஏறிவிடும். 7 வாரம் என்றால் 10 நாள், 2 வாரம் ஆகும். 10 வாரக் குட்டி உண்மையிலேயே மதில் மேல் பூனைதான். ஒரு மாதத்துக்குத் தயாராக இருங்கள். 4 மாதம் தாண்டியதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

அறை

வீடு முழுக்கச் சுற்றவிடுவது பெருந்தன்மை இல்லை. பயந்த குட்டிக்குப் பெரிய வீடு என்பது பெரிய காடு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு அடியில், பரணில், சோபாவின் அடித்துணியைக் கிழித்து அதற்குள் என்று போய்விட்டால் நீங்கள் ஒவ்வொரு முறையும் இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு இழுப்பும் நாலு நாள் வேலையைக் கெடுக்கும்.

சின்ன அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாய்க்கான பெரிய மடக்குக் கூண்டு ஒன்று வாங்கி, உங்கள் படுக்கையறை மூலையில் வையுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு இடம் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். மேல்பக்கம் திறக்கும்படி இருந்தால் தேவைப்படும்போது கையை விட வசதி. கூண்டின் மூன்று பக்கத்தைப் பழைய புடவையால் மூடுங்கள். இடுப்பு உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்தால் இன்னும் நல்லது. தரையில் இருக்கும் குட்டிக்கு நாம் ராட்சசர்கள்.

குளியலறையை ஒதுக்குகிறீர்கள் என்றால் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கழிவுநீர் ஓட்டைக்குச் சல்லடை மூடி போடுங்கள். வாளியில் மூழ்கிய குட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். பால்கனி பக்கம் போக வாய்ப்பிருந்தால் புறாவலை கட்டாயம். கம்பி இடுக்கில் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழையும்.

அப்புறம் நம் வீடுகளில் சர்வசாதாரணமாக இருக்கும் விஷங்கள். கருப்பு பினாயில் பூனைக்கு ஆகாது. டெட்டாலும் ஆகாது. தரையில் துடைத்தால் குட்டி பாதத்தை நக்கியே உள்ளே எடுத்துக்கொள்ளும். பாச்சை உருண்டை, கற்பூரம் இரண்டையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கொசுவத்திச் சுருள் வேண்டாம், வலை அடித்த ஜன்னல் போதும். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் மேல் நிறைய தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைத்து, காயவிட்டுப் பிறகு குட்டியை விடுங்கள். முன்பு வேறு குட்டி நோயால் இறந்த இடம் என்றால் பிளீச் தவிர்க்கக் கூடாதது. பேன்லூக்கோபீனியா என்ற பூனை நோயின் வைரஸ் அறையில் பல மாதம் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத குட்டியை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

மலம் கழிக்க வைக்கும் மண் தட்டுக்கு, அகலமான பிளாஸ்டிக் தட்டில் சலித்து வெயிலில் காயவைத்த மணல் போதும். தண்ணீர் பட்டால் கட்டியாகும் கடை மணலை 2 மாதம் ஆகும் வரை தவிர்க்கவும், குட்டிகள் தின்று பார்க்கும். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்; வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை வேறொருவருடையது.

முதல் நாள்: பிடிப்பு, மருத்துவர், ஓய்வு

மிரண்ட குட்டியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தடித்த துண்டை மேலே போட்டு, அதோடு சேர்த்து அள்ளுங்கள். பிடரித்தோலைப் பிடித்துத் தொங்கவிடுவது வேண்டாம். வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள்: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனையே கவ்விக் காப்பாற்றும் என்பது. அந்த நியாயம் தாய்ப்பூனைக்கும் பெருமாளுக்கும் சரி. நம் கைக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி என்று பெயர் இருந்தாலும் அந்த நோய் பூனை மூலமும் வரும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். "குட்டிதானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொள்வதை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன், கோபம் வரும். தொடர்ந்து குட்டிகளை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்நடை மருத்துவரிடம் முதல் 2 நாளில் போய்விடுங்கள். குடற்புழு மருந்து, உண்ணி, தெள்ளு, கண், காது, எடை எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் பெரும்பாலும் புழுதான். மருந்தின் அளவை எடையை வைத்து அவரே சொல்லட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டி மேல் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவும் அப்படித்தான். மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும், வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் 2 வாரம் முகம் பார்க்கவே விடாதீர்கள். கிண்ணம், துண்டு எல்லாம் தனி. கை கழுவிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் முதல் இரவு குட்டியை விட்டுவிடுங்கள். அன்று ஒரு நாள்தான் விட்டுவிடலாம். கிண்ணத்தில் சாப்பாடு, தண்ணீர், அவ்வளவுதான். 5 வாரத்துக்குக் கீழ் இருந்தால், மழைக்காலமாக இருந்தால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள்.

என்ன சாப்பாடு

பசும்பால் வேண்டாம். பூனை என்றால் பால் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம், ஆனால் அது பெரும்பாலும் வயிற்றுப்போக்கில்தான் முடியும். 4 வாரத்துக்குக் கீழ் உள்ளதற்குப் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் கடையில் கிடைக்கிறது. 5 வாரத்துக்கு மேல், குட்டிகளுக்கான ஈர உணவுப் பாக்கெட், அல்லது உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து நன்றாக மசித்த கோழிக்கறி. மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தால் சொர்க்கம். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். கோழியும் மீனும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சத்துக் குறையும், குட்டிகளுக்கான உணவும் கலந்து இருக்கட்டும்.

நாளைக்கு 4 முறை, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். காலை 6, வேலைக்குக் கிளம்பும் முன், மாலை, படுக்கும் முன் என்று நான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பசியோடு இருக்கும்படி நேரம் அமைய வேண்டும். இதைப் பட்டினி போடுவது என்று புரிந்துகொள்ளாதீர்கள். குட்டிகளைப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். உங்கள் முன்னால் சாப்பிட மறுத்தால், கிண்ணத்தைத் தள்ளி வைத்து, நீங்கள் திரும்பி உட்கார்ந்து, எப்படியாவது சாப்பிடவையுங்கள். நாள் முழுக்க எதுவும் தொடாமல் துவண்டு கிடந்தால் அது பயம் இல்லை, நோய். மருத்துவரிடம் ஓடுங்கள்.

கிண்ணத்தில் உலர் உணவு எப்போதும் நிரம்பி இருந்தால் இந்த முறை வேலை செய்யாது. கடுகு எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

உட்கார்ந்திருப்பது

இரண்டாம் நாளிலிருந்து வேலை தொடங்கும். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், பக்கவாட்டாக. கிண்ணத்தைக் குட்டிக்குத் தெரியும்படி வைத்துவிட்டு அங்கேயே இருங்கள். குட்டியை உற்றுப் பார்க்கக் கூடாது. நேராகப் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. பார்வை பட்டுவிட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள், அரைத்தூக்கத்தில் இருப்பவர் மாதிரி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்து, அப்படிக் கண் சிமிட்டும் ஆளிடம் பூனைகள் பதிலுக்குச் சிமிட்டுவதையும் கிட்ட வருவதையும் பதிவு செய்தார்கள்.

பேசிக்கொண்டே இருங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் தினமணியைச் சத்தமாக வாசிப்பேன். தலையங்கம் முடிவதற்குள் குட்டி கிண்ணத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில குட்டிகள் சீறவே சீறாது. மூலையில் ஒடுங்கி, அசையாமல், கண்மணி முழுக்கக் கறுத்து விரிந்து உட்கார்ந்திருக்கும். தொட்டாலும் நகராது. "எவ்வளவு சாது" என்று கையில் எடுத்துக் கொஞ்சிப் படம் எடுப்பார்கள். அது சாது இல்லை, உறைந்துபோயிருக்கிறது. காது தட்டையாக, உடம்பு கல் மாதிரி இறுக்கமாக இருந்தால் அதுதான். சீறும் குட்டி என் கணக்கில் இதைவிட எளிது. அது தன் எல்லையை வாய்விட்டுச் சொல்கிறது. புஸ்ஸென்று சீறினால் பயந்து கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், முன்னேறவும் செய்யாதீர்கள். அப்படியே நிறுத்தி, மூச்சு விட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கரண்டி

எல்லா முறைகளிலும் நான் நம்புவது இதைத்தான். நீளக் காம்புள்ள மரக்கரண்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுக் கரண்டி கூண்டுக் கம்பியில் பட்டு டங்கென்று சத்தம் போடும். மசித்த கோழியையோ, டியூபில் வரும் பசை மாதிரியான பூனைத் தின்பண்டத்தையோ நுனியில் தடவிக் குட்டியின் மூக்குக்குக் கொஞ்சம் கீழே நீட்டுங்கள். முதலில் கரண்டியை அறையும். அறைந்த பாதத்தில் சாப்பாடு ஒட்டும். நக்கிப் பார்க்கும். அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது.

அடுத்த வேளை இன்னும் கொஞ்சம் காம்பைக் குறைத்துப் பிடியுங்கள். அதற்கடுத்த வேளை இன்னும் கொஞ்சம். இரண்டு நாளில் மரக்கரண்டி டீஸ்பூன் ஆகும், டீஸ்பூன் விரல் ஆகும். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சாப்பிடுகிறதா? சாப்பிட்டால் படி சரி. நிறுத்திவிட்டுப் பார்த்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி பின்னால் போங்கள். சீறிக்கொண்டே சாப்பிடும் குட்டிகள் உண்டு. வாய் ஒரு பக்கம் திட்டும், நாக்கு ஒரு பக்கம் நக்கும். அது பரவாயில்லை, தொடருங்கள்.

விரலில் கொடுக்கும்போது நுனியில் தடவாமல் விரலின் பக்கவாட்டில் தடவுங்கள். ஊசிப் பல் விரலையும் கறியையும் பிரித்தறியாது.

அப்புறம், கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்தத் தொடங்குங்கள். கூண்டின் உள்மூலை, நடு, வாசல், வெளியே உங்கள் முழங்காலுக்குப் பக்கம், கடைசியில் மடி. மடியில் தடித்த துணி போட்டுக்கொள்ளுங்கள். நகம் பட்டு நீங்கள் துள்ளினால் குட்டியும் துள்ளும்.

முதல் தொடுதல்

குட்டி கரண்டியில் மும்முரமாக இருக்கும்போது மற்ற கையால் தொடங்குங்கள். முதலில் கை வேண்டாம், பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷ் ஒன்று போதும். கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் பிரஷ் ஓடினால் தாயின் சொரசொரப்பான நாக்கு மாதிரி இருக்கும். மீசை பின்னால் போய்க் கண் சொருகுவதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

பிறகு விரல். கன்னம், தாடை, நெற்றி என்ற வரிசையில் போங்கள். முதுகு அப்புறம். வயிறும் பாதமும் வாலும் இப்போது வேண்டாம். தலைக்கு மேலிருந்து கையை இறக்காதீர்கள், பருந்து இறங்குவது மாதிரி இருக்கும் அதற்கு. பக்கத்திலிருந்து, கீழிருந்து, கை வருவது தெரியும்படி கொண்டுபோங்கள். இரண்டு தடவல், நிறுத்தம். இன்னும் வேண்டும் என்று தலையை முட்டினால் இன்னும் இரண்டு.

ஒரு நாள் அந்தக் குர்குர் ஓசை வரும். முதலில் வந்து, தானே அதிர்ந்து, நின்றுவிடும். பழையபடி வரும். அவசரப்பட்டு அன்றே தூக்கிவிடாதீர்கள். (நான் தூக்கிவிட்டேன். இரண்டு நாள் வீண்.)

தூக்குவது தனிப்பாடம். முதலில் உட்கார்ந்தபடியே வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து ஒரு அங்குலம் உயர்த்தி, இறக்கி, உடனே சாப்பாடு. அடுத்து மடியில், அடுத்து நெஞ்சருகே. பின்னங்கால்களுக்கு எப்போதும் தாங்கல் வேண்டும். கால் தொங்கினால் நகம் வெளியே வரும். மிகவும் துள்ளும் குட்டியைச் சின்னத் துண்டில் கொழுக்கட்டை மாதிரி சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்து, கரண்டியில் கொடுங்கள். 5 நிமிடம் போதும். அது போராடத் தொடங்குவதற்கு முன்னால், அமைதியாக இருக்கும் நொடியில் விட வேண்டும். போராடும்போது விட்டால் போராட்டம் பலிக்கிறது என்று கற்றுக்கொள்ளும். அதனால் முதலிலேயே போராடாத அளவு சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு

மடிக்கு வராத குட்டிகூட ஈர்க்குச்சி நுனியில் ஆடும் இறகுக்கு வரும். விளையாடும் குட்டி பயத்தை மறக்கிறது. மடிக்கு மேலாகப் பொம்மையை இழுத்தால், துரத்தும் வேகத்தில் உங்கள் காலை மிதித்துக்கொண்டே போகும். மூன்றாம் முறை அதைப் பற்றிக் கவலைப்படாது.

கையைப் பொம்மையாக ஆக்காதீர்கள். இப்போது கிச்சுக்கிச்சு மூட்டும் கடி, தத்தெடுத்தவர் வீட்டில் 3 கிலோ பூனையின் கடி. நூல், ரிப்பன், ரப்பர் பேண்டு எதையும் விளையாடி முடித்ததும் அறையில் விடக்கூடாது. விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும்.

கூடப்பிறந்தவர்களைப் பிரிப்பது

இதைச் சொன்னால் பலருக்கு மனசு வராது. மிளகு, சீரகம், வெந்தயம் என்று ஒரே ஈற்றுக் குட்டிகள் மூன்று வந்தன. மிளகும் சீரகமும் 5ஆம் நாளே விரலில் சாப்பிட்டன. வெந்தயம் மட்டும் மற்ற இரண்டுக்கும் பின்னால் ஒளிந்து, ஒரு சீறலில் அவற்றையும் பின்வாங்க வைத்துக்கொண்டிருந்தது. குட்டிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று தைரியமும் கற்கும், பயமும் கற்கும். வெந்தயத்தைத் தனிக் கூண்டில் வேறு அறையில் வைத்தேன். முதல் இரவு கத்தியது. தேற்ற வேறு ஆள் இல்லாததால் இரண்டாம் நாள் என் கையைப் பார்த்தது. 4ஆம் நாள் மடியில் தூங்கியது.

6 வாரத்துக்கு மேற்பட்ட, ஆரோக்கியமான குட்டியை மட்டுமே இப்படிப் பிரிக்கலாம். அதுவும் சில நாட்களுக்குத்தான். பழகியதும் மறுபடி சேர்த்துவிடுங்கள், அல்லது ஏற்கெனவே பழகிய இன்னொரு குட்டியோடு ஜோடி சேருங்கள். வீட்டில் சாதுவான, தடுப்பூசி போட்ட பெரிய பூனை இருந்து, 2 வாரத் தனிமையும் முடிந்திருந்தால், அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

உங்களுக்கு மட்டும் பழகினால் போதாது

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் மடியில் குர்குர் என்னும் குட்டி, தத்தெடுக்க வந்தவர் கதவு தட்டியதும் மாயமாகிவிடும். அதற்குப் பழக்கம் நீங்கள்தான், மனிதர்கள் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா, தாத்தா, கனத்த குரல் உள்ள நண்பர், அமைதியாக உட்காரத் தெரிந்த பிள்ளை என்று ஒவ்வொருவராக வரவழைத்து, அதே கரண்டியைக் கொடுங்கள். அவர்கள் குட்டியிடம் போக வேண்டாம், உட்கார்ந்தால் போதும். பெண்களே வளர்க்கும் வீட்டுக் குட்டிகள் ஆண் குரலுக்கு மிரள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டுச் சத்தங்களும் அப்படித்தான். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், மாடியில் நாற்காலி இழுப்பது, ஆடி மாதம் என்றால் தெருமுனை ஒலிபெருக்கி. கதவு சாத்திய அறையில், சாப்பிடும் நேரத்தில், தூரத்திலிருந்து தொடங்குங்கள். தீபாவளிக்கு மட்டும் பயிற்சி எதுவும் உதவாது. அந்த 2 நாள் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, ஒளிந்துகொள்ளப் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.

பூனையை வெளியே எடுத்துப்போகும் கேரியரை ஆரம்பத்திலிருந்தே அறையில் திறந்து வைத்து, அதற்குள் சாப்பாடு கொடுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கேரியரை எந்தப் பூனையும் மன்னிப்பதில்லை.

கூப்பிட்டால் வரும், தூக்கினால் இறுகாது, புது ஆளைப் பார்த்தால் ஒளிந்தாலும் கொஞ்ச நேரத்தில் எட்டிப்பார்க்கும் என்ற நிலை வந்தபின்தான் இடத்தைப் பெரிதாக்க வேண்டும். முதலில் அறை, பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கூடம், பிறகு வீடு. மறுபடி கட்டிலுக்கு அடியில் குடியேறினால் வெட்கப்படாமல் கூண்டுக்குத் திரும்புங்கள்.

பழகாத குட்டி

4 மாதம் தாண்டி, மனிதரைத் தெரியாமலே வளர்ந்த குட்டியை மாதக்கணக்கில் கூண்டில் வைத்து உருக்குவது நமக்குப் பெருமையாக இருக்கலாம், அதற்கு இல்லை. நான் எனக்கு வைத்திருக்கும் வரம்பு 6 வாரம். தினமும் 4 வேளை உட்கார்ந்தும் கரண்டிக்குக்கூட வரவில்லையென்றால், கருத்தடை, தடுப்பூசி, கருத்தடை ஆனதைக் காட்டக் காது நுனியில் அடையாள வெட்டு மூன்றும் முடித்து, எடுத்த தெருவிலேயே, சாப்பாடு வைக்கும் ஆள் இருக்கும் இடத்தில் விடுகிறேன். பெண்குட்டி 4 மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும் என்பதால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். தன் தெருவில் வயிறு நிறைந்து திரியும் பூனையைப் பார்த்து நான் தோற்றதாக நினைப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

கடுகு? அதற்கு நான் 20ஆம் நாள் கூண்டு வாங்கினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2 மாதம் ஆனது.

அனுப்பும்போது

இரண்டு குட்டிகளாகத் தத்துக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். பயந்த குட்டிக்குத் துணை பெரிய பலம். முடியாவிட்டால், ஏற்கெனவே சாதுவான பூனை உள்ள வீடு.

தத்தெடுப்பவரிடம் குட்டியின் படங்களைக் காட்டுவதோடு நிறுத்தாமல், உங்கள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் தரையில் உட்காரச் சொல்லுங்கள். உட்கார மாட்டேன், உடனே தூக்க வேண்டும் என்பவருக்குக் கூச்சமில்லாத வேறு குட்டியைக் காட்டுங்கள். கொடுக்கும் நாளில் குட்டி படுத்த துணியைத் துவைக்காமல், அது சாப்பிட்ட அதே உணவில் ஒரு வாரத்துக்கானது, தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் கூடவே அனுப்புங்கள். புது வீட்டிலும் முதல் வாரம் ஒரே ஒரு அறைதான் என்பதைச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் "சரி சரி" என்பார்கள், அன்றிரவே "சோபாவுக்குள்ள போயிடுச்சு" என்று போன் வரும்.

அந்த மரக்கரண்டியையும் நான் பையில் போட்டுவிடுவேன். புது ஆளின் கையில் அதைப் பார்த்ததும் குட்டி வெளியே வரும்.